பிறந்த ஆட்டுக்குட்டிக்குச் சீம்பால் கொடுக்கும் முறை

எங்கள் கொட்டகையில் பிறந்த முதல் குட்டி, தாயின் மடி நிறையப் பால் இருந்தும் விடிவதற்குள் பசியால் இறந்துபோனது. தலைச்சன் ஈற்று ஆட்டின் காம்பைச் சப்பியபடி அது வாலை ஆட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்த நானும் என் கணவரும், பால் குடிக்கிறது என்று நம்பி உறங்கப் போய்விட்டோம். அதன் பிறகு ஒவ்வொரு ஈற்றின்போதும் நாங்கள் கடைப்பிடித்துவரும் முறையை இங்கே எழுதுகிறேன். கொட்டகை, தீவனம், சினை ஆட்டுப் பராமரிப்பு ஆகியவை உங்களுக்குத் தெரிந்தவை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஆட்டுக்குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போது, நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து அதற்குச் சென்று சேர்வதில்லை. அவை முழுவதும் சீம்பாலில்தான் வருகின்றன. அவற்றை உறிஞ்சிக்கொள்ளும் திறன், பிறந்த சில மணி நேரத்திலேயே குட்டியின் குடலில் குறையத் தொடங்கி, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. ஆகவே முதல் ஆறு மணி நேரத்தைத் தவறவிட்டால், மறுநாள் எவ்வளவு பால் கொடுத்தாலும் அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது.

முதல் படி: தயார்நிலை

இனச்சேர்க்கை நடந்த நாளைக் குறித்துவைத்து, அதிலிருந்து 150 நாள்களை எண்ணுங்கள். ஐந்து நாள் முன்பின் ஆகலாம். உலர்ந்த பழைய துணிகள், டிஞ்சர் அயோடின், தொங்கு தராசு, நிப்பிள் பொருத்திய பாட்டில், தெர்மாமீட்டர் ஆகியவற்றை ஒரே வாளியில் போட்டு வையுங்கள். தெர்மாமீட்டர் டிஜிட்டலாகவே இருக்கட்டும். திமிறும் குட்டியிடம் கண்ணாடித் தெர்மாமீட்டரைப் பயன்படுத்துவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு கைகளும் வேலையில் இருக்கும் என்பதால், கையில் பிடிக்கும் டார்ச்சைவிடத் தலையில் மாட்டும் விளக்கு பலமடங்கு பயன்படும்.

இரண்டாம் படி: பிறந்தவுடன்

இரண்டு முன்னங்கால்களும் அவற்றின் மேல் மூக்கும் தெரிந்தால், பெரும்பாலும் நீங்கள் தலையிட வேண்டியதில்லை. ஆடு அரை மணி நேரம் பலமாக முக்கியும் முன்னேற்றம் இல்லையென்றால், கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள். குட்டியின் மூக்கையும் வாயையும் துடைத்துவிட்டு, தாய் நக்குவதற்கு விடுங்கள். தொப்புள் கொடியில் அயோடினைத் தெளிப்பதைவிட, சிறு கிண்ணத்தில் ஊற்றி, கொடி முழுவதும் நனையும்படி முக்கி எடுப்பதே நல்லது.

மூன்றாம் படி: காம்பைத் திறந்துவிடுதல்

நாங்கள் தவறியது இந்த இடத்தில்தான். ஈனும்வரை காம்பின் துளையை மெழுகு போன்ற ஓர் அடைப்பு மூடியிருக்கும். வலுவான குட்டி அதைத் தானே உறிஞ்சித் தள்ளிவிடும். எடை குறைந்த குட்டிக்கு அந்த வலு இருப்பதில்லை. கையைக் கழுவிக்கொண்டு, காம்பின் மேற்பகுதியைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் வளைத்து மூடி, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கீழ்நோக்கி அழுத்துங்கள். முதலில் எதுவும் வராது. இரண்டு மூன்று முறை அழுத்திய பிறகு அந்தச் சிறு அடைப்பு வெளியே வரும். அதைத் தொடர்ந்து, விரலில் பிசுபிசுவென ஒட்டும் மஞ்சள் நிறச் சீம்பால் கெட்டியாகப் பீறிடும். இரண்டு காம்புகளிலும் இப்படிச் செய்து பாருங்கள். ஒரு காம்பில் பால் வந்ததைப் பார்த்து மற்றொன்றை விட்டுவிட்டால், இரட்டைக் குட்டிகளில் இளைத்தது அந்த மூடிய காம்பிலேயே நின்று ஏமாந்துபோகும்.

வால் ஆடுவதை அடையாளமாகக் கொள்ளாதீர்கள். வெறும் காம்பைச் சப்பும் குட்டியும் வாலை ஆட்டும். தொண்டையில் விழுங்கும் அசைவு தெரிகிறதா என்று பாருங்கள். சிறிது நேரம் கழித்து அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்தால், பால் குடித்த குட்டியின் வயிறு நிரம்பியிருக்கும். குடிக்காத குட்டியின் வயிறு ஒட்டிக் கிடக்கும்.

நான்காம் படி: அளந்து கொடுத்தல்

முதல் 24 மணி நேரத்தில் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போக வேண்டும். எடை இரண்டரை கிலோ என்றால் 250 மில்லிலிட்டர். அதில் பாதியை முதல் ஆறு மணி நேரத்திற்குள் சில தவணைகளாகக் கொடுத்துவிடுங்கள். தானாகக் குடிக்காத குட்டிக்குத் தாயிடம் கறந்து, சூடு ஆறுவதற்குள் பாட்டிலில் புகட்டுங்கள். குட்டியை நிற்க வைத்து, தாய்மடியில் குடிக்கும்போது தலை இருக்கும் அளவுக்கே உயர்த்துங்கள். மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். அதே காரணத்தால், ஊசியில்லாத சிரிஞ்சினால் வாயில் பீய்ச்சும் வழக்கத்தையும் நாங்கள் கைவிட்டுவிட்டோம்.

ஐந்தாம் படி: குளிர்ந்துபோன குட்டி

குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வாய் சில்லிட்டு, விரலைச் சப்பாமல் இருந்தால், ஆசனவாயில் தெர்மாமீட்டரை வைத்து வெப்பநிலையைப் பாருங்கள். நலமான குட்டிக்கு ஏறக்குறைய 39 டிகிரி செல்சியஸ் இருக்கும். 37 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஒரு சொட்டுப் பால்கூடக் கொடுக்க வேண்டாம். அதனால் விழுங்கவும் முடியாது, செரிக்கவும் முடியாது. பிறந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலாகியும் பால் குடிக்காத குட்டி என்றால், சூடேற்றும் முன் பின்சேர்க்கை 2-ஐப் படியுங்கள். மற்றக் குட்டிகளை நன்றாகத் துவட்டி, அட்டைப் பெட்டியில் படுக்க வைத்து, வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி இருபுறமும் அணைத்து வையுங்கள். உடல் சூடேறி, விரலைச் சப்பத் தொடங்கிய பிறகே பால்.

பின்சேர்க்கை 1: தாய் இறந்துவிட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பால் மிகுந்த ஆடு ஈனும்போது சிறிது சீம்பாலை 100 மில்லிலிட்டர் பைகளில் உறைய வைத்துக்கொள்ளுங்கள். உருக்கும்போது, கை தாங்கும் சூடுள்ள நீரில் பையை மிதக்க விடுங்கள். அடுப்பில் காய்ச்சினாலும் மைக்ரோவேவில் வைத்தாலும் எதிர்ப்புப் புரதங்கள் அழிந்துபோகும்.

பின்சேர்க்கை 2: ஐந்தாம் படியை அப்படியே செய்தும், சூடேற்றும்போது குட்டிக்கு வலிப்பு வந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். பிறந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலாகியும் பால் குடிக்காத குட்டியின் உடலில் சர்க்கரை தீர்ந்துபோயிருக்கும்; அந்நிலையில் சூடேற்றினால் வலிப்பு வரக்கூடும். தலையைத் தூக்க முடியாமல் கிடக்கும் அத்தகைய குட்டிக்கு முதலில் குளுக்கோஸ் ஊசி போட்டு, அதன் பிறகே சூடேற்ற வேண்டும். ஊசியை வயிற்றறைக்குள் போட வேண்டியிருப்பதால் கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். ஈற்றுக் காலம் தொடங்குவதற்கு முன்பே, இரவில் அழைத்தால் வருவாரா என்று அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.