நிபந்தனை நிகழ்தகவை எண்ணியே கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு தகவல் தெரிந்தபின் இன்னொன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் நிபந்தனை நிகழ்தகவு. அந்தப் பெயரைக் கேட்டதும் பலர் சூத்திரத்தைத் தேடி ஓடுகிறார்கள். அன்றாடக் கணக்குக்கு அது தேவையே இல்லை. கையில் இருக்கும் தகவலுக்குப் பொருந்தாததை எல்லாம் அடித்துவிட்டு, மிச்சத்தில் நமக்கு வேண்டியது எத்தனை என்று எண்ணினால் போதும்.

ஐப்பசி மாதம், 30 நாள் என்று வைத்துக்கொள்வோம் (எண்கள் சும்மா ஒரு கணக்குக்கு). 12 நாள் காலையிலேயே மேகமூட்டம், அதில் 9 நாள் மழை கொட்டியது. மேகமில்லாத 18 நாளில் 6 நாள் மழை. பொதுவாகக் கேட்டால் மழைக்கு வாய்ப்பு 15/30, பாதிக்குப் பாதி. ஆனால் காலையில் எட்டிப் பார்த்து மேகம் தெரிந்தால் அந்த 18 நாளை மறந்துவிட வேண்டும்: 9/12, அதாவது 75 சதவீதம், குடையை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, கேள்வியைத் திருப்பிப் போடுவோம். மழை பெய்த நாளில் காலையில் மேகம் இருந்திருக்க எவ்வளவு வாய்ப்பு? மேலே அதே 9, கீழே இப்போது 15, ஆக 60 சதவீதம். இந்த இரண்டு கேள்வியையும் ஒன்றென்று நினைப்பதால்தான் பெரும்பாலான குழப்பமே.

மருத்துவப் பரிசோதனையில் இது சிக்கலில் கொண்டுபோய் விடும். 100 பேரில் ஒருவருக்கு ஒரு நோய். சோதனை, நோயாளிகளில் 90 சதவீதம் பேரைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 10 சதவீதம் பேருக்கும் தவறாக பாசிட்டிவ் காட்டும். பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? 90 என்று வாய் தானாகச் சொல்லிவிடும். சதவீதத்தை ஓரம் கட்டிவிட்டு 1000 பேரை எடுங்கள். நோயாளிகள் 10, அவர்களில் பாசிட்டிவ் 9. நோயில்லாதவர்கள் 990, அவர்களில் பாசிட்டிவ் 99. மொத்தப் பாசிட்டிவ் 108, அதில் நிஜ நோயாளிகள் 9 பேர்தான்: 12இல் 1, சுமார் 8 சதவீதம்! (தாமஸ் பேயஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், தாம் இறந்தபின் 1763இல் வெளியான கட்டுரையில் தொடங்கிவைத்த கணக்கு இந்த வகைதான்.)

அதற்காகச் சோதனையே வீண் என்று கிளம்பிவிடாதீர்கள். அறிகுறிகளோடு வருபவர்களில் 100க்கு 30 பேருக்கு அந்த நோய் இருக்கிறது என்றால் ஆரம்ப எண்ணே மாறிவிடும். 1000 பேரில் நோயாளிகள் 300, அவர்களில் பாசிட்டிவ் 270. மற்ற 700 பேரில் தவறான பாசிட்டிவ் 70. இப்போது 270/340, கிட்டத்தட்ட 79 சதவீதம். சோதனை அதேதான், யாருக்குச் செய்கிறோம் என்பதுதான் வேறு.