முதல் உடும்பு வாங்கும் முன்

"மாமா, எனக்கும் ஒரு உடும்பு வேணும்." பிளஸ் டூ முடித்த கையோடு அக்கா மகன் லாஸ்பேட்டை வீட்டுக்கு வந்து கேட்டான். என்னிடம் முள்வால் உடும்பு ஒன்று நாலு வருஷமாக இருக்கிறது; ஆக்கி என்பார்கள். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்மூர் உடும்பின் மேல் கை வைக்கவே கூடாது. பண்ருட்டி முந்திரித் தோப்பில் ஓடுகிறதே, அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. குட்டி தானாகவே வாசலுக்கு வந்தாலும் வளர்க்க முடியாது. மாட்டினால் 3 முதல் 7 வருஷம் ஜெயில். நீர் உடும்புக்கும் இதே சட்டம்தான்.

வெளிநாட்டு உடும்பு என்றால் முதலில் காகிதம். 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சைட்டிஸ் என்கிற சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் அதை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். உடும்பு இனம் முழுக்க அந்தப் பட்டியலில் வருகிறது. விற்பவர் "பேப்பர் அப்புறம் தர்றேன்" என்றால் எழுந்துவிடுங்கள். சென்னை வரை போய் வெறுங்கையோடு பஸ் ஏறியிருக்கிறேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

விலை குறைவு என்று ஆப்பிரிக்க சவானா உடும்பைக் காட்டுவார்கள். மூன்றடி வளரும். எலியாகப் போட்டால் கொழுத்துச் சாகும். முதல் முறைக்கு ஆக்கியே போதும்: ஆஸ்திரேலிய இனம், வாலோடு இரண்டடிதான், வெட்டுக்கிளியும் கரப்பானும் சுண்ணாம்புச்சத்துப் பொடி தடவிக் கொடுத்தால் தின்னும்.

குட்டியைப் பார்க்கும்போது நிறத்தில் மயங்காதீர்கள். வால் தொடங்கும் இடம் சதைப்பிடிப்பாக இருக்கிறதா, இடுப்பெலும்பு துருத்துகிறதா என்று பாருங்கள். கை உள்ளே போனதும் ஓடி ஒளிந்தால் நல்லது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால் வேண்டாம். கக்கத்தில் உண்ணி ஒட்டியிருந்தால் காட்டில் பிடித்ததோ என்று சந்தேகப்படுங்கள்.

பெட்டி நாலடி நீளம், இரண்டடி அகலமாவது வேண்டும். அதைவிட முக்கியம் மண். ஒரு அடிக்குக் குறையாமல் போடுங்கள். அது வளை தோண்டி அதற்குள்தான் வாழும். நான் செம்மண்ணும் ஆற்று மணலும் கலந்து, தண்ணீர் தெளித்து, கையில் பிடித்துப் பார்ப்பேன். கொழுக்கட்டை மாதிரி நின்றால் சரி. உதிர்ந்தால் வளை இடிந்து அதன் மேலேயே விழும்.

பெட்டிக்குள் சூட்டுக்காகப் போடும் விளக்குக்குக் கீழே கல் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சுட வேண்டும். ஆனால் பாண்டிச்சேரி மே மாதத்தில் சூடு ஒரு பிரச்சினையே இல்லை, மறுமூலையில் குளிர்ச்சி கிடைப்பதுதான் கஷ்டம். அதனால் மாடி அறை வேண்டாம். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் அடித்து கரண்ட் போனபோது அந்த ஒரு அடி மண்தான் காப்பாற்றியது. உள்ளே போனது, விளக்கு எரிந்த பிறகே தலையை நீட்டியது.

அக்கா மகன் இன்னும் வாங்கவில்லை. பெட்டியைச் செய்து, மண் நிரப்பி, காலையும் மதியமும் இரண்டு மூலையிலும் வெப்பம் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டிருக்கிறான்.