சிந்தியா ஆன் பார்க்கரின் ஒளிப்படம்: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரில், ஏ. எஃப். கார்னிங் என்பவரின் ஒளிப்பட நிலையத்தில் 1860களின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட ஒரு படம், அமெரிக்க எல்லைப்புற வரலாற்றைப் பற்றிய நூல்களில் மீண்டும் மீண்டும் அச்சாகிறது. முப்பது வயதைக் கடந்த ஒரு பெண் இறுகிய முகத்தோடு அமர்ந்து தம் சிறு மகளுக்குப் பாலூட்டிக்கொண்டிருக்கிறார்; தலைமுடி ஒட்ட வெட்டப்பட்டிருக்கிறது. அவர்தான், சிறுவயதில் கமான்சிகள் என்ற அமெரிக்கப் பழங்குடியினரால் கொண்டுசெல்லப்பட்டு அவர்களிடையே வளர்ந்த வெள்ளைக் குடியேறிக் குடும்பத்துப் பெண், சிந்தியா ஆன் பார்க்கர். மடியில் இருப்பவள் டாப்சானா. இந்தப் படத்தை வைத்து எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, அது எப்போது எடுக்கப்பட்டது என்பதைக் கவனிக்கத் தவறுவதால் விளைபவை.

'கமான்சிகளிடம் சிறைப்பட்ட பெண்' என்று மட்டும் படத்தின் கீழ் எழுதிவிடுவது முதல் தவறு. அவ்வாறு எழுதினால், முகத்தில் தெரியும் துயரம் கமான்சிகள் இழைத்த கொடுமையின் அடையாளம் என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். 1836 மே 19 அன்று, இன்றைய குரோஸ்பெக் ஊருக்கு அருகிலிருந்த பார்க்கர் கோட்டையைக் கமான்சிகளும் அவர்களுடன் சேர்ந்த பிற பழங்குடியினரும் தாக்கி, ஐந்து ஆண்களைக் கொன்று, ஐந்து பேரைக் கொண்டுசென்றனர் என்பது உண்மை. ஏறத்தாழ ஒன்பது வயதுச் சிறுமியான சிந்தியா அந்த ஐவரில் ஒருவர். அந்த நாளின் கொடூரத்தை எவரும் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் படம் எடுக்கப்பட்டபோது அவர் கமான்சிகளிடம் இல்லை. அவர்களுள் ஒருவராகவே வளர்ந்து, பீட்டா நொகோனா என்ற தலைவரை மணந்து, குவானா, பீக்கோஸ் என்ற இரு மகன்களையும் இந்த மகளையும் பெற்ற பிறகு, 1860 டிசம்பரில் பீஸ் ஆற்றங்கரையில் டெக்சாஸ் ரேஞ்சர்கள் என்ற மாநிலக் காவற்படையினராலும் அமெரிக்கக் கூட்டரசின் குதிரைப்படையினராலும் பிடிக்கப்பட்டு, தம் பெரியதந்தை ஐசக் பார்க்கரின் உறவினர்களிடையே வாழ நேர்ந்த காலத்தில் எடுக்கப்பட்ட படம் அது. மகன்கள் இருவரும் அவரிடமிருந்து பிரிந்துபோயிருந்தனர். ஆகவே, அந்த முகத்தில் துயரத்தைக் காண்பவர், அது எந்தப் பிரிவின் துயரம் என்பதையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.

வெட்டப்பட்ட தலைமுடியையும் பலர் தவறாகவே விளக்குகின்றனர். சிறையில் வைத்தவர்கள் மழித்துவிட்டதாகவோ, எல்லைப்புற வாழ்வின் வறுமையில் பேணாமல் விட்டதாகவோ எழுதுவதற்கு ஆதாரம் இல்லை. உறவினர் இறந்தால் கமான்சிப் பெண்கள் தலைமுடியை வெட்டிக்கொள்வதும் உடலைக் கீறிக்கொள்வதும் அவர்களுடைய துக்க வழக்கம். இழந்தவர்களை எண்ணி, பார்க்கர் குடும்பத்தின் வீட்டில் இருந்துகொண்டே அவர் கமான்சிப் பெண்ணாகத் துக்கம் காத்தார் என்று கொள்வதே அந்த வழக்கத்தோடு பொருந்துகிறது.

சில பதிப்புகளில் பாலூட்டும் பகுதியை நீக்கி முகத்தை மட்டும் வெட்டி அச்சிடுகிறார்கள். நாகரிகம் கருதிச் செய்யப்படும் இந்த வெட்டு, படத்தின் பொருளையே மாற்றிவிடுகிறது. அவரிடம் எஞ்சியிருந்த ஒரே பிள்ளை படத்திலிருந்து மறைந்துவிட்டால், பார்ப்பவருக்குத் தனித்து நிற்கும் ஒரு 'மீட்கப்பட்ட வெள்ளைப் பெண்' மட்டுமே கிடைக்கிறார். ஒரு கமான்சித் தாய் கிடைப்பதில்லை. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், வெட்டியதைக் குறிப்பில் சொல்வது குறைந்தபட்ச நேர்மை.

'மீட்பு' என்று எழுதும்போதும் அவருடைய விருப்பம் கணக்கில் வர வேண்டும். 1846 அளவிலேயே, கமான்சிகளிடையே அவரைக் கண்டறிந்த அரசுப் பிரதிநிதிகள், திரும்பி வர அவர் விரும்பவில்லை என்று எழுதியிருக்கின்றனர். 1860க்குப் பிறகு அவர் பலமுறை தப்பிச் செல்ல முயன்றதாகக் குடும்பத்தின் வழி வந்த செய்திகள் கூறுகின்றன. டெக்சாஸ் சட்டமன்றம் 1861இல் அவருக்கு ஆண்டுக்கு 100 டாலர் வீதம் ஐந்தாண்டு உதவித்தொகையும், 4,428 ஏக்கர் நிலமும் வழங்க முடிவெடுத்ததைச் சுட்டிக்காட்டி, அவர் நன்கு பேணப்பட்டார் என்று முடிப்பவர்கள் உண்டு. அவர் கேட்டது நிலத்தை அல்ல, மகன்களிடம் திரும்பிச் செல்வதை.

இதற்கு நேர்எதிரான தவறையும் சொல்லியாக வேண்டும். இவருடைய வாழ்க்கையை மட்டும் வைத்துக்கொண்டு, சிறைப்பட்டோர் எல்லோரும் அன்பாக நடத்தப்பட்டனர் என்று எழுதுவதும் வரலாறு ஆகாது. அதே நாளில் கொண்டுசெல்லப்பட்ட உறவினர் ரேச்சல் பிளம்மர், ஏறத்தாழ 21 மாதங்கள் அடிமையாக உழைத்து மீண்டவர். தாம் பட்ட கொடுமைகளை 1838இல் அவரே நூலாக எழுதினார். சிறுபிள்ளைகள் குடும்பத்தில் ஏற்கப்படுவதற்கும், வளர்ந்த பெண்கள் நடத்தப்பட்ட விதத்துக்கும் பெரிய வேறுபாடு இருந்தது.

பீஸ் ஆற்று நிகழ்ச்சியைப் பெரும் போராக வருணிப்பதைத் தவிர்ப்பது நல்லது. தாக்கப்பட்டது சிறிய முகாம். கொல்லப்பட்டோரில் பலர் பெண்கள். ரேஞ்சர்களின் தலைவர் சல் ராஸ், பீட்டா நொகோனாவைத் தாம் வீழ்த்தியதாகச் சொல்லிவந்தார். பிற்காலத்தில் மாநில ஆளுநராகவும் ஆனார். தந்தை அன்று அங்கே இல்லை, பின்னரே இறந்தார் என்று குவானா மறுத்தார். ராஸின் கூற்றை மட்டும் உறுதியான செய்தியாக எழுதிவிடக் கூடாது.

இறந்த ஆண்டைப் பற்றிய பிழையும் பரவலானது. மகளின் மறைவுக்குப் பெரும்பாலும் தரப்படும் ஆண்டு 1864. அதே ஆண்டில் தாயும் இறந்தார் என்ற பழைய செய்தியை இன்றும் சிலர் அப்படியே எடுத்தாளுகின்றனர். 1870ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிந்தியாவின் பெயர் இடம்பெற்றிருக்கிறது என்பதால், அவர் இறந்த ஆண்டாக 1864ஐக் கருத இடமே இல்லை. பிறந்த ஆண்டையும் 'ஏறத்தாழ 1827' என்று எழுதுவதே முறை.

முகவாயில் நீலக் கோடுகள் பச்சை குத்தப்பட்ட ஒரு பெண்ணின் படத்தைச் சிலர் இவருடைய படமாகக் கருதிப் பகிர்வதுண்டு. அவர் ஆலிவ் ஓட்மன். 1851 முதல் 1856 வரை தென்மேற்குப் பகுதியில் பழங்குடியினரிடையே வாழ்ந்தவர். அந்தப் பச்சை மொஹாவி மக்களுடையது; கமான்சிகளோடு அவருக்குத் தொடர்பில்லை.

கடைசியாக, இந்தப் படத்தை வெள்ளைக் குடியேறிகளின் நினைவுச்சின்னமாக மட்டும் கருதக் கூடாது. 1875இல் ஃபோர்ட் சில் என்ற அமெரிக்கப் படைக் கோட்டையில் சரணடைந்து, கமான்சிகளின் தலைவராக அறியப்பட்ட குவானா, தாயின் படம் ஒன்றைத் தேடிப் பெற்று, தம் வீட்டில் அவருடைய உருவப்படத்தை மாட்டிவைத்தார்; 1910இல் தாயின் எச்சங்களை டெக்சாஸிலிருந்து ஓக்லஹோமாவுக்குக் கொண்டுசென்று மறு அடக்கமும் செய்வித்தார். படத்துக்குக் குறிப்பு எழுதுகிறவர்கள், பார்க்கர் குடும்பத்தைச் சொல்லும் அதே இடத்தில் குவானாவின் பெயரையும் சொல்ல வேண்டும்.