ஸ்கேலும் முள்ளுக் கத்திரிக்காயும்

காட்பாடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். நரம்பு மண்டலம் பாடம் வந்தால், புத்தகத்துக்கு முன்னால் 30 செ.மீ. ஸ்கேல்தான் வெளியே வரும். வீட்டில் நீங்களும் செய்து பார்க்கலாம்.

ஒருவர் ஸ்கேலின் மேல்நுனியைப் பிடித்துத் தொங்கவிடட்டும். பூஜ்யம் கீழே இருக்க வேண்டும். மற்றவர் அங்கே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் படாமல் விரித்து வைத்திருக்கட்டும். ஸ்கேலைச் சொல்லாமல் விடுங்கள். 15 செ.மீ.யில் பிடித்தால், பிடிக்க எடுத்த நேரம் 0.17 வினாடி, 20 என்றால் 0.20, 25 என்றால் 0.23. முதல் தடவை குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கும். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். அந்த நேரத்துக்குள் கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் வழியாக உத்தரவு விரலுக்கு வந்துவிட்டது.

அடுத்து, பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே பிடிக்கச் சொல்லுங்கள். என் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஸ்கேல் தரையில்தான். வண்டி ஓட்டிக்கொண்டே போன் பேசும் அப்பாக்களிடம் இதைக் காட்டச் சொல்லி அனுப்புவேன்.

அப்புறம் முழங்கால். மேசை ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே, மெத்தென்று இருக்கும் இடத்தில், உள்ளங்கை ஓரத்தால் லேசாகத் தட்டுங்கள். எலும்பில் தட்டாதீர்கள். கால் உதறவில்லையா? இரண்டு கை விரல்களையும் கொக்கி போல் கோர்த்து இழுத்துக்கொண்டே தட்டச் சொல்லுங்கள், பெரும்பாலும் உதறும். இதில் மூளையிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. சேதி தண்டுவடம் வரை போய் அங்கிருந்தே திரும்பிவிடுகிறது.

இதை எங்கள் ஊர் சமையலறையிலேயே பார்க்கலாம். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயின் காம்பை அவசரத்தில் பிடித்தால், கை முதலில் விலகும், "ஆ" அப்புறம்தான் வரும். வலி மூளைக்கு எட்டுவதற்குள் தண்டுவடம் வேலையை முடித்துவிடுகிறது. வேண்டுமென்றே குத்திப் பார்க்க வேண்டாம்.

ஆனால் மூளை குறுக்கே நிற்பதும் உண்டு. போன வாரம் கரித்துணி நழுவி, கொதிக்கிற குழம்புச் சட்டி என் விரலைச் சுட்டது. காலடியில் பேரன். விடச் சொன்னது தண்டுவடம். மேலிருந்து மூளை அதை அடக்கிப் பிடித்தது. சட்டியை மேடையில் வைத்த பிறகுதான் விரலை உதறினேன்.