டீசல் ஊறிய மண்: யூரியா மூட்டையைப் பிரிப்பதற்கு முன்

டீசல் சிந்திய மண்ணைப் புல்லும் நுண்ணுயிரும் கொண்டு சுத்தம் செய்ய இறங்கும் புதியவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். கசிகிற டேங்கை முதலில் அடைக்க வேண்டும் என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவற்றைப் பார்ப்போம்.

செடி டீசலைக் குடிக்கும் என்று நம்புவது

டீசலின் நீண்ட ஹைட்ரோகார்பன்கள் (கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறுகள்) தண்ணீரில் கரையாது. வேர் வழியே மேலே ஏறுவது மிகக் குறைவு. வேர் கசியவிடும் சர்க்கரையிலும் அமிலங்களிலும் சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. டீசலைத் தின்பவை அவைதான். அதனால் நார்வேர் அடர்ந்த வெட்டிவேரும் அருகம்புல்லும் நல்லவை. வேர் எட்டாத ஆழத்தில் எந்தப் புல்லும் உதவாது. எண்ணெய் மண்ணில் தண்ணீர் ஒட்டாது என்பதால் விதை தூவிப் பயனில்லை; நாற்றை 15 செ.மீ. இடைவெளியில், குழிக்கு ஒரு கை நல்ல மண் போட்டு நடுங்கள்.

யூரியாவை ஒரே நாளில் கொட்டுவது

இன்னும் எரிச்சலூட்டும் தவறு இதுதான், ஏனென்றால் கணக்குப் போட்டுத்தான் இதைச் செய்கிறார்கள். டீசலைத் தின்னும் நுண்ணுயிருக்குக் கார்பன் 100க்கு நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1 வேண்டும் என்ற விகிதம் எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு சென்ட் நிலம், 30 செ.மீ. ஆழம் என்றால் சுமார் 18 டன் மண். அதில் 1 சதவீதம் டீசல் இருந்தால் டன்னுக்கு 10 கிலோ. அதில் கார்பன் 8.5 கிலோ. ஆக, டன்னுக்கு 850 கிராம் நைட்ரஜன், மொத்தம் 15 கிலோ சொச்சம். கணக்கு சரிதான். ஆனால் அது முழுப் பருவத்துக்குமான தீனி.

நுண்ணுயிர் வாழ்வது மண்ணிலுள்ள தண்ணீரில். ஈரம் 10 சதவீதம் என்றால் டன்னுக்கு 100 லிட்டர்தான். அதில் 850 கிராமைக் கரைத்தால் லிட்டருக்கு 8.5 கிராம். லிட்டருக்கு 2 கிராமைத் தாண்டும்போதே உப்பின் அழுத்தத்தில் நுண்ணுயிர்களின் வேகம் குறையத் தொடங்கும். போதாததற்கு, யூரியா உடையும்போது மண்ணின் காரத்தன்மை ஏறி அம்மோனியாவும் கிளம்பும். ஒரு ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சென்ட்டுக்கு 45 கிலோ மூட்டையை அப்படியே கொட்டி நீர் பாய்ச்சினார்கள். மறுநாள் மூக்கைத் துளைத்த நெடியை, 'வேலை ஆரம்பிச்சிருச்சு' என்று எடுத்துக்கொண்டார்கள். புல்லின் நுனி கருகிய பிறகுதான் சந்தேகமே வந்தது.

அதே ஒரு சென்ட்டுக்கு முதல் தவணை: டி.ஏ.பி. (நைட்ரஜனும் பாஸ்பரஸும் உள்ள உரம்) 7.5 கிலோ, யூரியா 5 கிலோ. பாஸ்பரஸ் கணக்கு இதோடு தீர்ந்தது. பிறகு யூரியா 8 கிலோ வீதம் மூன்று தவணை. தவணைக்கு முன் மண்ணைப் பரிசோதித்து, மிச்ச நைட்ரஜன் நன்றாகக் குறைந்திருந்தால் மட்டும் போடுங்கள். தேதி பார்த்துப் போடாதீர்கள்.

சோப்புத்தூள்

வேண்டாம். டீசலைக் கிணற்றுக்கு அனுப்பிவிடும்.

நுண்ணுயிர்ப் பொடியை முதலில் வாங்குவது

பழைய கசிவு மண்ணில் டீசல் தின்னும் பாக்டீரியா ஏற்கெனவே இருக்கும். 1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் ஒதுங்கிய அலாஸ்காக் கடற்கரையில் நுண்ணுயிர் முறைக்குப் பெரும்பாலும் உரம்தான் இட்டார்கள். வேலையைச் செய்தவை அங்கிருந்த நுண்ணுயிர்களே. அதே மண்ணை இரண்டு வாளியில் எடுத்து, இரண்டுக்கும் உரம், ஒன்றுக்கு மட்டும் பொடி என்று வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் வாங்கலாம்.

வயல் மாதிரி தண்ணீர் கட்டுவது

ஒரு கிலோ டீசல் முழுதாகச் சிதைய ஏறக்குறைய 3.5 கிலோ ஆக்சிஜன் தேவை. நீர் தேங்கினால் காற்று நின்றுவிடும். பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரும் ஈரம் போதும். நடுவதற்கு முன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள்.

வாடை போனதும் முடித்துக்கொள்வது

முதலில் பறந்துபோவது லேசான பகுதி. கனமானது மண்ணிலேயே இருக்கும். தொடங்கும் முன்பே பல இடங்களில், இரண்டு ஆழத்தில் மாதிரி எடுத்து மொத்த ஹைட்ரோகார்பன் அளவைக் குறித்து வையுங்கள். தொழுவுரம் கலந்த மண் என்றால் சிலிக்கா ஜெல் சுத்திகரிப்போடு சோதிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உரத்தின் கொழுப்பும் மெழுகும் டீசல் கணக்கில் ஏறும்.

அறுத்த புல்

மாட்டுக்குப் போடாதீர்கள்.