‘ஐ ஆம் தீனா’ பற்றிக் கருத்து எழுதும்போது சறுக்கும் இடங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு வடக்கு நார்வேயில் நடக்கும் கதையாக 2002-இல் வந்த ‘ஐ ஆம் தீனா’ படத்துக்கு எழுதப்படும் கருத்துகள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கும். “இது பைத்தியம், இவளைப் போய் நாயகி என்கிறார்களே” என்பது ஒரு கட்சி. “ஆணாதிக்கத்தை அடித்து நொறுக்கிய சிங்கப்பெண்” என்பது மற்றது. இரண்டு கட்சியுமே படத்தின் ஆரம்பக் காட்சிகளைச் சரியாகப் பார்க்கவில்லை. (தீனாவின் கணவன் யாக்கோப்பின் கதியைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.)

முதலில் அந்த விபத்து. “சிறுமி தீனா தவறுதலாக அம்மா மேல் வெந்நீரைக் கொட்டிவிடுகிறாள்” என்று பலர் எழுதுகிறார்கள். அது வெந்நீர் இல்லை. துணி வெளுக்கக் கொதிக்கவைத்த காரநீர். அந்தக் காலத்து நார்வே வீடுகளில் மரச் சாம்பலை ஊறவைத்து வடிகட்டி இதைத் தயாரிப்பார்கள். நம் வெள்ளாவிக்கு உவர்மண் எப்படியோ, அங்கே சாம்பல் அப்படி. அமிலம் பட்டால் தசை உறைந்து, உள்ளே மேலும் இறங்காமல் ஓரளவு தடுக்கும். காரம் தசையைக் கரைத்துக்கொண்டே இறங்கும். கூடவே கொதிசூடும் சேர்ந்தால் பிழைப்பது அரிது. அந்த அலறல் ஏன் தீனாவின் காதைவிட்டுக் கடைசிவரை போவதில்லை என்பது இங்கேதான் இருக்கிறது. வெந்நீர் என்று எழுதினால் காட்சியின் கனம் பாதியாகிவிடும்.

அடுத்தது, படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம். செத்துப்போன அம்மா தீனாவுக்குத் தெரிகிறாள். பெர்னில்லா ஆகஸ்ட் நடித்த அந்த உருவத்தை “பேய்க் காட்சி, தேவையில்லாத திணிப்பு” என்று தள்ளிவிடுகிறார்கள். ஆனால் கதை நடப்பதே அந்த உருவத்தை வைத்துத்தான். அப்பா முகம் கொடுத்துப் பேசாத வீட்டில், தன்னோடு இருக்கும் ஒரே ஆள் செத்துப்போன அம்மாதான் என்று பழகிவிட்ட பெண்ணுக்குச் சாவு என்பது பிரிவாகவே படாது. செத்தவர்கள் போய்விடுவதில்லை, கூடவே தங்கிவிடுகிறார்கள். பிற்பாடு, கால் அழுகிக் கிடக்கும் கணவன் யாக்கோப்பைப் பனிவண்டியோடு பள்ளத்தில் தள்ளுகிறாளே, அதை வெறும் கொலைவெறியாகப் படித்தாலும் சரி, விடுதலைப் போராகப் படித்தாலும் சரி, பிசகுதான். ஒருவரை அனுப்பிவிடுவதும் வைத்துக்கொள்வதும் அவளுக்கு ஒன்றாகிப்போயிருக்கிறது. குற்றம் குற்றம்தான், அதை யாரும் மறுக்கவில்லை. காரணத்தை மாற்றி எழுதாதீர்கள் என்பதுதான் விஷயம்.

“1800-களில் ஒரு பெண் பெரிய வணிகத்தை நடத்துவதாவது, நம்பும்படி இல்லை” என்ற குறையும் அடிக்கடி வரும். இதற்குச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அன்றைய நார்வேயில் மணமான பெண் கணவனின் பொறுப்பில் இருந்தாள். அந்த நிலை மாறியது 1888-இல்தான். மணமாகாத பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான சட்டத் தகுதி கிடைத்தது 1863-இல். கைம்பெண் நிலை வேறு: கணவன் போன பிறகு அவள் சொத்தையும் தொழிலையும் ஏற்று நடத்தலாம். ஆக, யாக்கோப்பின் சாவோடுதான் தீனாவுக்கு அதிகாரம் வருகிறது. நம்பமுடியாதது என்று சொல்லப்படும் பகுதிதான் உண்மையில் சட்டத்தோடு ஒட்டிப்போகிறது!

வணிகம் என்றால் என்ன வணிகம் என்பதையும் கவனிக்க வேண்டும். யாக்கோப்பின் இடமான ரெயின்ஸ்னெஸ் வெறும் பண்ணைவீடு அல்ல. லோஃபோட்டன் தீவுகள் பக்கம் பிடித்த காட் மீனைக் காயவைத்துப் படகில் பெர்கன் துறைமுகத்துக்கு அனுப்பி, திரும்பும்போது தானியம் ஏற்றிவரும் கடற்கரைக் கிடங்கு அது. ரஷ்யாவோடும் வடக்கு நார்வேக்கு மீனுக்கு மாவு என்ற பண்டமாற்று இருந்தது. அதனால் லியோ என்ற ரஷ்யன் வந்து இறங்குவதைத் “திடீரென்று எங்கிருந்து குதித்தான்” என்று எழுதத் தேவையில்லை.

ஒளிப்பதிவைக் குறை சொல்லும் முன் வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். படம் எடுக்கப்பட்ட இடங்களில் முக்கியமானது ஷெர்ரிங்கோய், பூடோ நகருக்கு வடக்கே உள்ள பழைய வணிகத்தளம். ஆர்க்டிக் வட்டத்துக்குள் இருக்கிறது. ஜூன் தொடக்கம் முதல் ஜூலை முற்பகுதி வரை அங்கே சூரியன் மறைவதே இல்லை. நள்ளிரவில் வெளிச்சம் இருந்தால் கன்டினியுட்டி (காட்சித் தொடர்ச்சி) பிழை என்று எழுதிவிட வேண்டாம்.

மொழி விஷயத்தில் குறை நியாயமானதுதான். நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பிரான்ஸ், பிரிட்டன் நடிகர்களை வைத்துக்கொண்டு ஆங்கிலத்திலேயே எடுத்ததில் உச்சரிப்பு ஒன்றோடொன்று ஒட்டவில்லை. யாக்கோப்பாக வரும் ஜெரார் தெபார்த்யூவிடம் இது நன்றாகவே தெரியும். ஆனால் “மோசமான டப்பிங்” என்று மொத்தமாக முத்திரை குத்துவது தப்பு. தீனாவாக வரும் மரியா போன்னெவி இந்தப் படத்தில் நடித்திருப்பது பெரும்பாலும் பேச்சில் இல்லை. பார்வையிலும், கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து செல்லோ வாசிக்கும் தோளிலும்தான்.

நாவலையும் படத்தையும் குழப்பிக்கொள்வது இன்னொன்று. மூலம் ஹெர்ப்யோர்க் வாஸ்மு 1989-இல் எழுதிய நாவல். அதன் தொடர்ச்சியாக மேலும் இரண்டு நாவல்கள் உண்டு. நாவல் பனிவண்டிச் சம்பவத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறது. இயக்குநர் ஊலெ போர்னெடால் படத்தைச் சிறுவயதிலிருந்து சொல்கிறார். எனவே நாவலில் படித்ததைப் படத்தின் குறையாகவோ நிறையாகவோ எழுதும்போது எது எதில் உள்ளது என்று பிரித்துச் சொல்லுங்கள்.

லியோவுக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் எழுதாமல் விடுங்கள். பிற்பகுதியின் பதற்றம் முழுக்க அந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது. மதிப்பெண் போடும் முன், அம்மாவின் உருவம் வரும் இடங்களை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அதற்குச் சற்று முன் தீனா என்ன செய்தாள், அல்லது என்ன செய்ய நினைத்தாள் என்று ஒரு வரி குறித்துக்கொண்டால் போதும்.