ஐஸ்லாந்துக் குளிரில் வேன் ஹீட்டர் அணையாமல் இருக்க

ஜனவரியில் கேம்பர் வேனில் (உள்ளேயே படுத்துறங்க வசதியுள்ள வேன்) ஐஸ்லாந்தின் 1ஆம் எண் வளையச் சாலையில் போனோம். குளிர்காலத்திலும் திறந்திருக்கும் ஸ்காஃப்டாஃபெல் முகாமில் நடுராத்திரி டீசல் ஹீட்டர் அணைந்துவிட்டது. டேங்கில் டீசல் இருந்தது. பேட்டரியில்தான் வோல்டேஜ் போதவில்லை.

இந்த ஹீட்டர் மின்சாரத்தை அதிகம் இழுப்பது பற்றவைக்கும்போதுதான், சுமார் 10 ஆம்பியர். பற்றிக்கொண்டபின் மெதுவாக ஓட 1 ஆம்பியர் பக்கம் போதும். புழுங்குகிறதென்று அணைத்து, குளிர்கிறதென்று மறுபடி போட்டால் பேட்டரி எப்படித் தாங்கும்? அப்புறம் இரவு முழுக்கக் குறைந்த சூட்டிலேயே ஓடவிட்டோம். ஃபிரிட்ஜை அணைத்தோம் (வெளியே ஊரே ஃபிரிட்ஜ்தானே!). கூரை ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்துவைத்ததில், கண்ணாடியின் உட்புறம் பனி உறைவதும் குறைந்தது.

கதவை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துத் திறங்கள். அங்கே அடிக்கும் காற்று கீலையே பிடுங்கிவிடும்; வாடகை வேன் காப்பீடு பெரும்பாலும் அதற்குப் பணம் தராது.